தொடக்கநிலை மின்சார ஆர்.சி. விமானம்: சீரமைப்பும் மாற்றங்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட் வட்டாரத்தில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள திடல்களில் காலை வேளைகளில் ஆர்.சி. விமானம் (ரேடியோவால் தரையிலிருந்து இயக்கும் சிறு விமானம்) பறக்கவிடுவோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே தரப்பட்டுள்ளன. இங்கு பேசப்படுவது 1.2 முதல் 1.5 மீட்டர் வரை இறக்கை அகலமும் ஏறத்தாழ 1 கிலோ எடையும் கொண்ட, நுரையால் ஆன, இறக்கை உடலுக்கு மேலே அமைந்த பயிற்சி விமானம் ஆகும். மூன்று செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, பிரஷ்லெஸ் மோட்டர், 30 ஆம்பியர் ஈ.எஸ்.சி. என்னும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, கட்டுப்பாட்டுப் பலகைகளை அசைக்கும் 9 கிராம் சர்வோக்கள் ஆகியவை அதில் இருப்பதாகக் கொள்ளப்படுகிறது.

பெட்டியிலிருந்து எடுத்த விமானத்தை அப்படியே பறக்கவிடலாமா?

விடக்கூடாது. பறக்கத் தயார் என்று அட்டையில் அச்சிட்டிருந்தாலும், கப்பலிலும் லாரியிலும் குலுங்கி வந்த விமானத்தில் ஏதாவது ஒன்று சிறிதளவேனும் விலகியிருக்கும். முதலில் விமானத்தை மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். இறக்கையும் வாலின் கிடைப்பகுதியும் ஒன்றுக்கொன்று இணையாகத் தெரிய வேண்டும். ஒரு நூலை எடுத்து, மூக்கின் நடுவிலிருந்து இரண்டு இறக்கை நுனிகளுக்கும், பிறகு வாலின் நடுவிலிருந்து அதே நுனிகளுக்கும் அளந்தால், இரு பக்கமும் ஒரே நீளம் வரவேண்டும். நான்கைந்து மில்லிமீட்டர் வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் இறக்கை அமரும் இடத்தைச் சரிசெய்த பிறகே அடுத்த வேலை.

அடுத்ததாக, டிரான்ஸ்மிட்டரில் (கையில் பிடிக்கும் ரேடியோ கருவி) எல்லா டிரிம்களையும் (பலகைகளின் நடுநிலையைச் சற்று நகர்த்தும் பொத்தான்கள்) நடுவில் வைத்து, சர்வோக் கைகள் கம்பிக்குச் செங்குத்தாக நிற்கின்றனவா என்று பாருங்கள். எலிவேட்டரோ (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) ரடரோ (இடவலமாகத் திருப்பும் வால் பலகை) நடுவில் நிற்கவில்லையென்றால், அதை டிரிம் கொண்டு மறைக்காமல், கம்பியின் முனையிலுள்ள திருகைச் சுழற்றி நீளத்தை மாற்றிச் சரிசெய்ய வேண்டும். பிறகு திசைச் சோதனை. குச்சியை உங்கள் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே எழ வேண்டும். வலப்பக்கம் தள்ளினால் வலது ஏலரான் (விமானத்தைச் சாய்க்கும் இறக்கைப் பலகை) மேலேயும் இடது ஏலரான் கீழேயும் போக வேண்டும். திசை மாறிய ஏலரானுடன் கிளம்பிய விமானத்தைக் காப்பாற்றுவது அனுபவசாலிக்கும் அரிது. ஆகவே ஒவ்வொரு முறை பேட்டரி மாட்டும்போதும் இதைச் செய்வதில் கூச்சப்பட வேண்டியதில்லை.

புரொப்பெல்லரில் அளவு பொறிக்கப்பட்ட முகம் விமானம் செல்லும் திசையை நோக்கி இருக்க வேண்டும். மோட்டர் தவறான திசையில் சுழன்றால், அதற்கும் ஈ.எஸ்.சி.க்கும் இடையிலுள்ள மூன்று கம்பிகளில் ஏதேனும் இரண்டை மாற்றி இணைத்தால் போதும்.

சமநிலைப் புள்ளியை எங்கே வைப்பது? கையேட்டில் சொன்னதை நம்பலாமா?

தொடங்குவதற்கு நம்பலாம். நேரான இறக்கை கொண்ட பயிற்சி விமானத்தில், இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் குறுக்களவில் (முன்விளிம்பு முதல் பின்விளிம்பு வரையிலான தூரம்) 25 முதல் 33 விழுக்காடு வரையிலான பகுதிக்குள் அந்தப் புள்ளி விழும். குறுக்களவு 20 சென்டிமீட்டர் என்றால், முன்விளிம்பிலிருந்து 5 முதல் 6.6 சென்டிமீட்டருக்குள் என்று பொருள். முதல் பறப்புக்கு 5 சென்டிமீட்டரில் வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. பேட்டரி உள்ளே இருக்கும் நிலையில், அடையாளமிட்ட இடத்தில் இறக்கையின் அடியில் இரு விரல்களை வைத்துத் தூக்கும்போது, விமானம் கிடையாகவோ மூக்கு மிகச் சிறிதளவு தாழ்ந்தோ நிற்க வேண்டும்.

இதைச் சரிசெய்ய எடை சேர்ப்பதற்கு முன் பேட்டரியை நகர்த்திப் பாருங்கள். 1 கிலோ விமானத்தில் 180 கிராம் பேட்டரியை 2 சென்டிமீட்டர் முன்னோ பின்னோ நகர்த்தினால், சமநிலைப் புள்ளி ஏறத்தாழ 3.6 மில்லிமீட்டர் நகரும். பெரும்பாலும் அதுவே போதுமானது. வால்பக்கம் சேர்க்கும் எடைதான் மிகவும் விலை கொடுக்கவைக்கும் எடை. வாலில் 10 கிராம் பசையும் ஒட்டுநாடாவும் சேர்ந்துவிட்டால், அதை ஈடுகட்ட மூக்கில் 24 கிராம் வரை வைக்க நேரிடும். ஆக மொத்தம் 34 கிராம். உடைந்த வாலைப் பசையால் பூசி மெழுகும் நண்பர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

முதல் சில பறப்புகள் நல்லபடியாக முடிந்த பிறகு, காற்றில் ஒரு சோதனை செய்யலாம். போதிய உயரத்தில், பாதி வேகத்தில் கைவிட்டாலும் நேராகப் பறக்கும்படி டிரிம் செய்துகொண்டு, மோட்டரை நிறுத்தி, 30 பாகை அளவில் மூக்கைத் தாழ்த்திக் குச்சியை விட்டுவிடுங்கள். விமானம் தானாகவே விரைந்து மேலெழுந்தால் மூக்கு கனம் அதிகம். மெதுவாக, நீண்ட வளைவாக நிமிர்ந்தால் சரியாக இருக்கிறது. மூக்கு மேலும் மேலும் கீழே கவிழ்ந்தால் வால் கனம் அதிகம். அப்போது உடனே கையால் நிமிர்த்தி இறக்கிவிட்டுப் பேட்டரியை முன்னே தள்ள வேண்டும்.

எலிவேட்டரைச் சிறிது தொட்டாலே விமானம் குதிக்கிறது. என்ன செய்வது?

குச்சியின் அசைவைக் காட்டிலும் கட்டுப்பாட்டுப் பலகையின் அசைவு அதிகமாக இருக்கிறது. இந்த அளவுள்ள விமானத்தின் எலிவேட்டர், பின்விளிம்பில் அளந்தால் மேலும் கீழும் 8 முதல் 10 மில்லிமீட்டர் அசைந்தால் போதும். ரடருக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் கொடுத்தாலும் தீங்கில்லை.

அசைவைக் குறைக்க இரண்டு இடங்கள் உண்டு. சர்வோக் கையில் கம்பியை உள் துளைக்கு மாற்றலாம். அல்லது எலிவேட்டரில் உள்ள கொம்பில் வெளித் துளைக்கு மாற்றலாம். இப்படிச் செய்தால் சர்வோவின் முழு ஓட்டமும் பயன்படுவதோடு, பற்சக்கரங்களுக்கு இடையிலுள்ள தளர்வும் எலிவேட்டரில் குறைவாகவே தெரியும். டிரான்ஸ்மிட்டரில் எண்ணை மட்டும் குறைப்பது அதற்கு ஈடாகாது. முதலில் கம்பி, பிறகு எண் என்பதே முறை.

அதற்கும் மேல் மென்மை வேண்டுமானால் எக்ஸ்போ என்ற வசதியைப் பயன்படுத்தலாம். அது குச்சியின் நடுப்பகுதியில் அசைவைக் குறைத்து, ஓரங்களில் முழு அசைவையும் விட்டுவைக்கும். 25 முதல் 30 விழுக்காடு வரை வைத்துத் தொடங்கலாம். ஸ்பெக்ட்ரம் டிரான்ஸ்மிட்டரில் மென்மைக்கு நேர் எண்ணும் ஃபுட்டாபாவில் எதிர் எண்ணும் இட வேண்டும். நண்பரின் அமைப்பைப் பார்த்து அப்படியே நகலெடுத்தால், மென்மைக்குப் பதில் நடுப்பகுதியிலேயே துள்ளல் கூடிவிடும். திரையில் வரும் வளைகோட்டைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மோட்டர் வேகத்தைக் கூட்டினால் மூக்கு செங்குத்தாக ஏறுகிறது, இடப்பக்கமும் சாய்கிறது. இது டிரிம் கோளாறா?

இல்லை, மோட்டரின் கோணம் தொடர்பானது. சமநிலைப் புள்ளி சரியாக இருந்து, மோட்டரை நிறுத்திய நிலையில் விமானம் ஒழுங்காக மிதந்து இறங்கினால், டிரிம்மைத் தொடாதீர்கள். வேகம் கூடும்போது இறக்கையின் தூக்குவிசை கூடி மூக்கை மேலே தள்ளுகிறது. பின்னாலிருந்து பார்க்கையில் வலஞ்சுழியாகச் சுற்றும் புரொப்பெல்லரின் எதிர்த்திருப்பம் விமானத்தை இடப்பக்கம் சாய்க்கிறது. இவ்விரண்டையும் மோட்டரைச் சில பாகை கீழ்நோக்கியும் வலப்பக்கமாகவும் திருப்புவதன் மூலம் ஈடுகட்டுகிறார்கள். பொதுவாக இரண்டு முதல் மூன்று பாகை போதும்.

மூக்கில் மோட்டர் உள்ள விமானத்தில், மோட்டர் பொருந்தும் தட்டின் மேல் திருகுகளுக்குப் பின்னால் வாஷர் வைத்தால் மோட்டர் கீழ்நோக்கும். இடப்பக்கத் திருகுகளுக்குப் பின்னால் வைத்தால் வலப்பக்கம் திரும்பும். திருகுகளுக்கு இடைவெளி 25 மில்லிமீட்டர் என்றால், 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள வாஷர் ஏறத்தாழ 2.3 பாகை தரும். ஒரு முறைக்கு ஒரு வாஷர் என்று போட்டுப் பறந்து பார்ப்பதே நல்லது. இறக்கைக்கு மேலே, பின்னோக்கிய மோட்டர் உள்ள வகையில் நிலைமை நேர்மாறு: வேகத்தைக் கூட்டினால் மூக்கு தாழும். ஆகவே முன்மோட்டர் விமானத்துக்குச் சொன்ன திருத்தத்தை அதில் செய்யக்கூடாது.

இன்னும் பெரிய மோட்டர், நான்கு செல் பேட்டரி போட்டால் நன்றாகப் பறக்குமா?

திடலில் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். பெரும்பாலானோருக்கு என் பதில் வேண்டாம் என்பதே. மந்தமாகப் பறக்கும் விமானத்தைக் கையில் வாங்கிப் பார்த்தால், மூக்கு கனமாக இருக்கும், எலிவேட்டர் மேல்நோக்கி நிற்கும், அல்லது ஏற்கனவே வீங்கத் தொடங்கிய பேட்டரி உள்ளே இருக்கும். இவற்றைச் சரிசெய்தாலே, இல்லை என்று நினைத்த ஆற்றல் திரும்பிவிடும்.

உண்மையிலேயே ஆற்றல் போதவில்லையா என்று அறிய, ஊகத்தை விட்டு வாட் மீட்டரை நாடுங்கள். பேட்டரிக்கும் ஈ.எஸ்.சி.க்கும் இடையில் அதை மாட்டி, விமானத்தைப் பின்னாலிருந்து இறுகப் பிடித்துக்கொண்டு, முழு வேகத்தில் சில நொடிகள் மட்டும் ஓட்டினால், வோல்ட், ஆம்பியர், வாட் மூன்றும் தெரியும். புரொப்பெல்லர் சுழலும் தளத்தில் யாரும் நிற்கக்கூடாது. பயிற்சி விமானத்துக்கு ஒரு கிலோவுக்கு 150 வாட் தாராளம். குட்டிக்கரணம் போட வேண்டுமானால் 220 வாட் அளவில் தேவைப்படும். சுமையின்போது மூன்று செல் பேட்டரி 11 வோல்ட்டில் நிற்கிறது என்று கொண்டால், 150 வாட்டுக்கு 14 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாகவே தேவை.

சிறிது கூடுதல் ஆற்றல் வேண்டுவோர் முதலில் மாற்ற வேண்டியது புரொப்பெல்லரைத்தான். ஆனால் இங்கும் எச்சரிக்கை தேவை. அதே சுழல்வேகத்தில், அதே சுருதியில் (ஒரு சுற்றில் கணக்குப்படி முன்னேறும் தூரம்), புரொப்பெல்லரின் விட்டம் கூடும்போது அது உண்ணும் ஆற்றல் ஏறத்தாழ விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடுகிறது. 8×6 அங்குலத்திலிருந்து (விட்டம் 8, சுருதி 6) 9×6க்குப் போனால் கணக்குப்படி 60 விழுக்காடு அதிகம். மோட்டரின் வேகம் சற்றுத் தாழ்வதால் நடைமுறையில் அவ்வளவு வராது. எனினும் ஒரே ஓர் அங்குலத்தில் மோட்டரோ ஈ.எஸ்.சி.யோ கருகிப்போவதற்குக் காரணம் இதுவே. எனவே புரொப்பெல்லரை மாற்றியவுடன் மீண்டும் அளந்து பார்த்து, ஈ.எஸ்.சி.யின் எல்லையில் 75 முதல் 80 விழுக்காட்டுக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். 30 ஆம்பியர் கருவிக்கு 24 ஆம்பியர் என்பது நம் வெயிலில் நியாயமான உச்சவரம்பு.

நான்கு செல் பேட்டரியைப் பற்றி: மோட்டரின் கேவி எண் என்பது ஒரு வோல்ட்டுக்குச் சுமையின்றி அது சுழலும் நிமிடச் சுற்றுகள். 1000 கேவி மோட்டர் முழுதாகச் சார்ஜ் ஆன மூன்று செல்லின் 12.6 வோல்ட்டில் 12,600 சுற்றுகளையும், நான்கு செல்லின் 16.8 வோல்ட்டில் 16,800 சுற்றுகளையும் நோக்கி ஓடப் பார்க்கும். சுழல்வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஆற்றல் தேவை கூடுவதால், அதே புரொப்பெல்லரை வைத்துக்கொண்டு செல்லைக் கூட்டுவது பகலிலேயே புகை பார்க்கும் வழி. நான்கு செல் போட்டால் புரொப்பெல்லரைச் சிறியதாக்க வேண்டும். அதற்குள் மூக்கு கனமும் இறங்கும் வேகமும் கூடியிருக்கும். எடை 20 விழுக்காடு கூடினால், விமானம் தூக்குவிசை இழந்து விழும் குறைந்தபட்ச வேகம் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது. மெதுவாக இறக்கக் கற்றுக்கொள்ள வாங்கிய விமானத்தை வேகமாக இறக்க வேண்டிய விமானமாக மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை.

பழைய விமானத்தில் பிரஷ் மோட்டர் இருக்கிறது. மாற்றலாமா?

தாராளமாக மாற்றலாம், இந்தப் பக்கத்தில் நான் தயங்காமல் பரிந்துரைக்கும் ஆற்றல் மாற்றம் இதுதான். பிரஷ் மோட்டர், நிக்கல் பேட்டரி ஆகிய இரண்டையும் எடுத்துவிட்டு, பிரஷ்லெஸ் மோட்டரும் லைப்போ பேட்டரியும் வைத்தால் எடை குறைந்து ஆற்றல் கூடும். ஈ.எஸ்.சி.யையும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஏனெனில் பிரஷ் மோட்டருக்கான கருவி பிரஷ்லெஸ் மோட்டரை ஓட்டாது. எடை குறைந்த மூக்கை ஈடுகட்டப் பேட்டரியை முன்னே தள்ள இடம் இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன் அளந்துகொள்ளுங்கள்.

நம் ஊர் வெயில் விமானத்தைப் பாதிக்குமா?

வெளிநாட்டுக் கையேடுகள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. நமக்கோ இதுவே முதன்மையான செய்தி. கடல்மட்டத்தில் 15 பாகை செல்சியஸில் ஒரு கனமீட்டர் காற்றின் எடை 1.225 கிலோ, 33 பாகையில் அது 1.15 கிலோ அளவுக்குக் குறைகிறது. ஈரப்பதம் அதை இன்னும் சற்றுக் குறைக்கும். ஆகவே ஒரே விமானம் குளிர்நாட்டில் எழும்பும் தூரத்தைவிடக் கூடுதலாக ஓடித்தான் நம் திடலில் எழும்பும். இந்தச் சில விழுக்காடு இழப்பால் பறப்பு கெடுவதில்லை. உண்மையான சிக்கல் உள்ளே அடைபட்டிருக்கும் சூடு.

பயிற்சி விமானங்களின் உடலில் முன்னால் சிறு துளை இருக்கும்; பின்னால் காற்று வெளியேற வழியே இருக்காது. உள்ளே வரும் காற்று வெளியேறினால்தான் ஈ.எஸ்.சி. குளிரும் என்பதால், வெளியேறும் துளையை உள்ளே வரும் துளையைப் போல் ஒன்றரை மடங்கிலிருந்து இரு மடங்கு வரை பெரிதாக, உடலின் அடிப்பகுதியில் பின்பக்கமாக வெட்டிவிடுங்கள். கூர்மையான கத்தி இருந்தால் பத்து நிமிட வேலை. செலவே இல்லாத மாற்றங்களில் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை. ஈ.எஸ்.சி.யை நுரைக்குள் புதைக்காமல், காற்றோட்டப் பாதையில் வெல்குரோ கொண்டு நிறுத்துங்கள்.

சர்வோக்களுக்கு 5 வோல்ட் தரும் பி.இ.சி. என்னும் பகுதியும் ஈ.எஸ்.சி.க்குள்ளேயே இருக்கிறது. லீனியர் வகையாக இருந்தால், 12.6 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட்டுக்கு இறக்கும் வேறுபாடு முழுவதையும் அது சூடாகவே கழிக்கிறது. ஓர் ஆம்பியர் ஓடினால் 7.6 வாட் சூடு. நான்கு சர்வோக்களுக்கு மேல் சேர்க்கும் எண்ணம் இருந்தால், ஸ்விட்சிங் வகை உள்ள கருவியையோ தனி பி.இ.சி.யையோ பயன்படுத்துங்கள். இது சூடேறி நின்றுபோனால் மோட்டரோடு சேர்ந்து கட்டுப்பாடும் முழுவதுமாகப் போய்விடும்.

பேட்டரிக்கு 60 பாகை செல்சியஸ் என்பது தாண்டக் கூடாத எல்லை. வெயிலில் மூடி நிறுத்திய காரின் உட்புறம் அந்த எல்லையை நெருங்கும் என்பதால், பேட்டரிகளைக் காரில் விட்டுவிட்டு ஒட்டுக்கடைக்குத் தேநீர் அருந்தப் போவது நல்ல பழக்கமன்று. தெர்மோகோல் பெட்டி ஒன்றில் வைத்து மரநிழலில் வைத்துக்கொள்ளலாம். இறங்கிய பேட்டரி கையில் பிடிக்க முடியாத சூட்டில் இருந்தால், அதன் சி மதிப்பு (எவ்வளவு மின்னோட்டம் தர முடியும் என்னும் அளவு) போதவில்லை அல்லது புரொப்பெல்லர் பெரிதாகிவிட்டது என்று பொருள். முழுதாக ஆறிய பிறகே சார்ஜ் செய்ய வேண்டும்.

ஒரு பேட்டரியில் எத்தனை நிமிடம் பறக்கலாம்?

கொள்ளளவில் 80 விழுக்காட்டை மட்டும் செலவழிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2200 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியில் அது 1760. சராசரியாக 10 ஆம்பியர் இழுத்தால் பத்தரை நிமிடம் வரும். முதல் முறை ஆறு நிமிடத்தில் இறக்கி, சார்ஜர் எவ்வளவு திரும்ப நிரப்பியது என்று பார்த்து, அதன்படி டிரான்ஸ்மிட்டரின் கடிகாரத்தை அமையுங்கள். ஈ.எஸ்.சி. தானாக மோட்டரை நிறுத்தும் வரை காத்திருப்பது பேட்டரியின் ஆயுளைத் தின்னும். சார்ஜ் வேகம் 1சி, அதாவது இந்தப் பேட்டரிக்கு 2.2 ஆம்பியர், ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட் உச்சம். அடுத்த சில நாள்களுக்குள் பறக்கப்போவதில்லை என்றால், ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்துவிட வேண்டும். தீபாவளி விடுமுறைக்கு ஊருக்குப் போகும்முன் முழுச் சார்ஜில் விட்டுச்சென்ற பேட்டரி, திரும்பி வரும்போது வீங்கியிருந்தால் வியப்பில்லை.

இறக்கை நடுவில் வளைகிறது. எப்படி வலுப்படுத்துவது? எந்தப் பசை ஒட்டும்?

பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளைவதால், அதன் அடிப்பக்கம் இழுபடுகிறது, மேல்பக்கம் நசுங்குகிறது. இழைநாடா இழுவிசையைத்தான் தாங்கும். ஆகவே நாடாவை இறக்கையின் அடிப்பக்கத்தில், சமநிலைப் புள்ளிக்கு நேராக நீளவாக்கில் ஒட்டுங்கள்; மேல்பக்கம் அழகாக ஒட்டி வைத்திருப்பவர்களுக்கு எடைதான் மிச்சம். அதற்கும் மேல் வலு வேண்டுமானால், 5 அல்லது 6 மில்லிமீட்டர் கார்பன் குழாய்க்குத் தேவையான பள்ளம் வெட்டி எபாக்ஸியால் புதைக்கலாம். கார்பனை அறுக்கும்போது ஈரத்துணியும் முகக்கவசமும் தேவை, அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு. கார்பன் ரேடியோ அலையை மறைக்கும் என்பதால் ரிசீவரின் (விமானத்திலுள்ள ரேடியோ வாங்கி) ஆண்டெனாவை அதன் ஓரமாக ஓட்டாதீர்கள்.

பசை விஷயத்தில் எந்த நுரை என்று அறிந்துகொள்வது முக்கியம். ஈ.பி.ஓ. நுரையைச் சாதாரண சூப்பர் க்ளூ நன்றாகவே ஒட்டும். தெர்மோகோல் வகை ஈ.பி.எஸ். நுரையையோ அது கரைத்துவிடும். அதற்கு நுரைக்கென்று விற்கும் வகையோ எபாக்ஸியோ தேவை. துப்பாக்கியால் உருக்கி ஊற்றும் பசை வீட்டில் வலுவாகத் தெரிந்தாலும், வெயிலில் நிற்கும் விமானத்தில் இளகிவிடக்கூடும். மோட்டர் தட்டுக்கு அதைப் பயன்படுத்தவே கூடாது.

நசுங்கிய ஈ.பி.ஓ. மூக்கைப் புதிதாக வாங்குவதற்கு முன், மின்பாகங்களைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தைக் கொதிநீரில் சில நொடிகள் அமிழ்த்திப் பாருங்கள். நசுங்கிய மணிகள் விரிந்து ஏறத்தாழப் பழைய வடிவத்துக்கு வரும்.

மூன்று சேனல் (மோட்டர், எலிவேட்டர், ரடர் மட்டும் இயக்கும்) விமானத்தில் ஏலரான் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் வெட்டினால் மட்டும் போதாது. ரடரால் திரும்பும் விமானத்தின் இறக்கைகள், நுனி உயர்ந்து, அகல விரிந்த ஆங்கில 'V' எழுத்தைப் போன்ற கோணத்தில் நிற்கும். அந்தக் கோணம்தான் ரடரின் திருப்பத்தைச் சாய்வாக மாற்றுகிறது. அதே கோணத்தை வைத்துக்கொண்டு ஏலரான் சேர்த்தால், ஏலரான் சாய்க்கப் பார்க்கும், இறக்கைக் கோணம் நிமிர்த்தப் பார்க்கும். எனவே கோணத்தை ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று பாகைக்குக் குறைத்து, நடு இணைப்பைக் கார்பன் குழாயால் மீண்டும் வலுப்படுத்த வேண்டும்.

ஏலரான், இறக்கையின் வெளிப்பாதியில், குறுக்களவில் நான்கில் ஒரு பங்கு அகலத்தில் இருந்தால் போதும். கீழிறங்கும் ஏலரான் அதிக இழுவையை உண்டாக்கி மூக்கைத் திருப்பத்துக்கு எதிராக இழுப்பதால், மேல் அசைவு இரண்டு பங்கு என்றால் கீழ் அசைவு ஒரு பங்கு என்று வைக்க வேண்டும். ஒவ்வொரு ஏலரானுக்கும் தனிச் சர்வோ, தனிச் சேனல் கொடுத்தால் இதை டிரான்ஸ்மிட்டரிலேயே அமைக்கலாம். பழைய மூன்று சேனல் டிரான்ஸ்மிட்டரையும் மாற்ற நேரிடும் என்பதால், மொத்தச் செலவைக் கூட்டிப் பார்த்துவிட்டு, நான்கு சேனல் விமானமே வாங்கிவிடலாமா என்று யோசிப்பது நல்லது. பழையது தம்பி தங்கைகளுக்குப் பயிற்சிக்கு உதவும்.

ஜைரோ பொருத்தினால் விழாமல் பறக்குமா?

ஜைரோ என்பது விமானத்தின் அசைவை உணர்ந்து பலகைகளைத் தானாகத் திருத்தும் கருவி. அது காற்றின் அலைக்கழிப்பைக் குறைக்கும். சமநிலைப் புள்ளித் தவற்றையும் முறுக்கிக்கொண்ட இறக்கையையும் திருத்தாது. ஜைரோ இல்லாமலேயே விமானம் ஒழுங்காகப் பறக்கும் நிலைக்கு வந்த பிறகே அதைச் சேருங்கள். பொருத்தியபின் விமானத்தைக் கையில் வைத்து மூக்கைச் சட்டெனத் தாழ்த்தினால், எலிவேட்டர் தானாக மேலெழ வேண்டும். இடப்பக்கம் சாய்த்தால் இடது ஏலரான் கீழிறங்க வேண்டும். நேர்மாறாக அசைந்தால் எழும்பிய நொடியிலேயே விமானம் கவிழும். வேகமாகப் பறக்கையில் இறக்கைகள் படபடவென்று நடுங்கினால், ஜைரோவின் கெயின் அளவைக் (எவ்வளவு வலுவாகத் திருத்துகிறது என்பது) குறைக்க வேண்டும்.

திடலில் புல் உயரமாக இருக்கிறது. சக்கரத்தைப் பெரிதாக்கலாமா?

ஆம். 45 மில்லிமீட்டர் சக்கரத்துக்குப் பதில் 65 மில்லிமீட்டர் நுரைச் சக்கரம் போட்டால், ஓரளவு வெட்டிய புல்லில் ஓடும். அதற்கும் ஓடவில்லையென்றால், சக்கரங்களைக் கழற்றிவிட்டுக் கையால் எறிந்து, வயிற்றால் இறக்குங்கள். அடிவயிற்றில் பேக்கிங் நாடா ஒட்டினால் நுரை தேயாது.

தோட்டத் திடலில் பறக்கவிடச் சட்டத்தில் இடம் உண்டா?

மலேசியாவில் ஆளில்லா விமானங்கள் பொது வான்போக்குவரத்து விதிமுறைகள் 2016இன் கீழ் வருகின்றன. 2018இல் தொடங்கிய சி.ஏ.ஏ.எம். என்னும் மலேசியப் பொது வான்போக்குவரத்து ஆணையம் அவற்றை நடைமுறைப்படுத்துகிறது. தரையிலிருந்து 400 அடி, அதாவது ஏறத்தாழ 120 மீட்டர் உயரத்துக்கு மேலும், விமான நிலையப் போக்குவரத்து வட்டத்துக்குள்ளும், அனுமதியின்றிப் பறக்கக்கூடாது. வேறு சில வான்வெளிப் பகுதிகளுக்கும் அனுமதி தேவை. ஆகவே ஒரு திடலை வழக்கமாகப் பயன்படுத்தப் போகிறவர்கள் ஆணையத்திடமே விவரம் கேட்டுக்கொள்ள வேண்டும். நிலம் தோட்ட நிர்வாகத்துக்கு உரியது என்பதால் அவர்களின் ஒப்புதலும் வேண்டும். திடலில் பந்து விளையாட்டோ பக்கத்துக் கோயிலில் திருவிழாவோ நடக்கும் நாளில் விமானத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஒரு கிலோ எடையும் சுழலும் புரொப்பெல்லரும் தலைமேல் விழுவதற்கு உரியவை அல்ல.

விமானம் செம்பனைத் தோட்டத்துக்குள் விழுந்துவிட்டால்?

முதலில் திராட்டிலை (மோட்டர் வேகக் குச்சி) முழுவதும் இறக்குங்கள். ஓலையில் சிக்கிய புரொப்பெல்லரைச் சுழற்ற முயலும் மோட்டர் சில நொடிகளில் ஈ.எஸ்.சி.யை எரித்துவிடும். டிரான்ஸ்மிட்டரை நிறுத்தாதீர்கள். நின்ற இடத்திலிருந்தே, விமானம் மறைந்த திசையில் தொலைவில் தெரியும் ஒரு மரத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, நேர்கோட்டில் நடக்க வேண்டும். வரிசையாக நட்ட மரங்களுக்குள் நுழைந்ததும் எல்லாத் திசையும் ஒன்றுபோலவே தோன்றும். இதற்காகவே ரிசீவரின் காலிச் சேனலில் ஒரு சிறிய ஒலிப்பானைப் பொருத்துமாறு அனைவரையும் வற்புறுத்துகிறேன். அதன் எடை சில கிராம்தான்.

ஓலையின் அடித்தண்டிலுள்ள முட்கள் கையைக் கிழிக்கும்; கீழே குவித்து வைத்த காய்ந்த ஓலைகளுக்குள் எலியும் அதைத் தேடி வரும் நாகமும் இருக்கும். நீண்ட காலுறையும் பூட்ஸும் இல்லாமல் உள்ளே போகாதீர்கள், சிறுவர்களை அனுப்பாதீர்கள். உச்சியில் சிக்கிய விமானத்துக்காக மரமேற முயலாமல், குலை வெட்டும் தொழிலாளர்களிடம் கேட்டால், அவர்களின் நீண்ட அரிவாள் கம்பால் ஓலையை அசைத்து இறக்கித் தருவார்கள். அருகே மின்கம்பி போகும் இடத்தில் அலுமினியக் கம்பை உயர்த்தவே கூடாது.

மழைக்குப் பின் நனைந்த ஓலைகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நன்றாக உறிஞ்சுகின்றன. ஆகவே மரவரிசைக்குப் பின்னால், தாழ்வாகப் பறப்பதைத் தவிர்த்து, ரிசீவரின் இரு ஆண்டெனாக்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாக ஒட்டி வையுங்கள். பறக்கும்முன் டிரான்ஸ்மிட்டரின் தூரச் சோதனை வசதியை இயக்கி, முப்பது காலடி எடுத்துவைத்து நடந்து சென்று, எல்லாச் சர்வோக்களும் தயக்கமின்றி அசைகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

மீட்டெடுத்த விமானத்தை அன்றே திரும்பப் பறக்கவிட வேண்டாம். கீறல் விழுந்த புரொப்பெல்லரை ஒட்டாமல் எறிந்துவிடுங்கள். மோட்டர் தண்டைக் கையால் மெதுவாகச் சுழற்றி, வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். அடிபட்ட லைப்போ உடனே தீப்பிடிக்காமல் சற்று நேரம் கழித்தும் பிடிக்கக்கூடும் என்பதால், அதைக் கழற்றி, எரியும் பொருள் எதுவும் அருகில் இல்லாத சிமெந்துத் தரையில் ஒரு மணி நேரமாவது வைத்துக் கவனியுங்கள். வீக்கமோ இனிப்பான வாடையோ செல்களுக்கிடையே வோல்ட் வேறுபாடோ தெரிந்தால், அந்தப் பேட்டரியை மீண்டும் சார்ஜ் செய்யக்கூடாது.